மாமல்லபுரத்துப் படகும் கோயிலும்: கடற்கரைப் படத்தில் எதை வெட்டலாம், எதை வெட்டித் தீர்க்க முடியாது

கேட்டவர் சொன்னது இதுதான். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, மீனவர் படகுகள் நிற்கும் மணலில் நின்று, விடியற்காலையில் தெற்குப் பார்த்து ஒரு படம் எடுத்திருக்கிறார். 24 மெகாபிக்சல் கேமரா. அதோடு வந்த 18-55 லென்ஸ் (18 அகலமாகக் காட்டும், 55 நெருக்கிக் காட்டும்), 18-ல் வைத்தது. இடப்பக்கம் கடல், நடுவில் தூரத்தில் கோயில், அதற்கு முன்னால் ஒரு ஃபைபர் படகு. கீழே அலை வடிந்த ஈர மணல். மேலே பாதிப் படத்துக்கு மேகமே இல்லாத வானம். வலது ஓரத்தில் ஒரு விளக்குக் கம்பமும் ஏதோ விடுதியின் சுவரும். தொடுவானம் சரியாக நடுவில். முழுப் படமாகவும், டிவி அளவான 16:9-லும், சதுரமாகவும் மூன்று விதமாக வெட்டிப் பார்த்தாராம். மூன்றிலும் ஏதோ இடிக்கிறது. தொடுவானத்தை மூன்றில் ஒரு பங்கில் வை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எது சரி, எவ்வளவு வரை வெட்டலாம், வெட்டுவதே ஏமாற்று வேலையா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஏமாற்று வேலை இல்லை. படத்தை வெட்டவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன். ஆனால் 1932-ல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்னால் அவர் எடுத்த படம், தேங்கிய நீரைத் தாண்டி ஒரு மனிதர் குதிக்கிறாரே, அது வெட்டப்பட்ட படம். பலகை வேலியின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் வேலி விழுந்துவிட்டது, வேறு வழியில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் 'கிராப்' என்றால் முடிவெட்டுதான். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது: முகத்துக்கு ஏற்றபடி ஒதுக்கிவிடலாம், முகத்தை மாற்ற முடியாது. என்ன ஒன்று, சலூனில் வெட்டிய முடி ஒட்டாது. இங்கே மூலக் கோப்பை அழிக்காதவரை எத்தனை முறை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். மூன்று விதமாக வெட்டியும் இடிப்பதற்குக் காரணம் வெட்டில் இல்லை. படகின் அணியம், அதாவது முன்மூக்கு, கோயிலைப் போய்க் குத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டதால் படகு எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் புரியவில்லை. நீங்கள் எந்த அளவில் வெட்டினாலும் அந்த மோதல் உள்ளேயே இருக்கும். முன்னால் இருக்கும் பொருளுக்கும் பின்னால் இருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைத் தீர்மானிப்பது கேமரா இருந்த இடம் ஒன்றுதான். அதை வீட்டுக்கு வந்து கணினியில் மாற்ற முடியாது.

தெற்குப் பார்த்து நிற்கும்போது உங்களுக்கு இடது கை கிழக்கு, கடல். நீங்கள் கடலை நோக்கி நான்கைந்து எட்டு வைத்திருந்தால், பக்கத்தில் இருக்கும் படகு வலப்பக்கம் நகரும். தூரத்துக் கோயில் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். அணியம் கோயிலை விட்டு விலகிவிடும். அதோடு வலப்பக்கம் போன படகு அந்த விளக்குக் கம்பத்தையும் சுவரையும் தானே மறைக்கத் தொடங்கும். ஒரே நகர்வில் இரண்டு வேலை. கடல் பக்கம் போனதால் நுரைக்கோடும் படச் சட்டத்துக்குள் வந்து கோயிலை நோக்கி ஓடும், அது மூன்றாவது.

அடுத்தது உயரம். கடற்கரையில் படம் எடுப்பவர்களில் பலர் கவனிக்காத விஷயம் இது. தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்தில்தான் தெரியும். நின்றால் நின்ற உயரம், உட்கார்ந்தால் உட்கார்ந்த உயரம். (கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 4.5 கிலோமீட்டர் தூரம். கடலின் முடிவையே பார்ப்பதுபோல் தோன்றினாலும் அவ்வளவுதான்.) ஆகவே, சமதளத்தில் உங்கள் கேமராவைவிடக் குட்டையான எதுவும் தொடுவானத்துக்குக் கீழே அமுங்கிக் கிடக்கும், உயரமான எதுவும் அதைத் தாண்டித் தலை நீட்டும். இடுப்பளவு உயரப் படகை நின்றபடி எடுத்தால் அது மணலிலேயே ஒட்டிக்கொண்ட பொருளாகத் தெரியும். குந்தி உட்கார்ந்து கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள், அதே படகு வானத்தில் எழுந்து நிற்கும். அதிலும் படகுகளை மேட்டில் இழுத்து வைத்திருப்பார்கள், நீங்கள் நீர் விளிம்பில் தாழ்வாக இருப்பீர்கள், படகு இன்னும் ஓங்கித் தெரியும். ஆட்களுக்கும் இதே கணக்கு. தொடுவானக் கோடு ஒருவரின் கழுத்தில் வெட்டுவதுபோல் விழுந்தால் அரை அடி ஏறுங்கள் அல்லது இறங்குங்கள். அதையும் வெட்டிச் சரிசெய்ய முடியாது.

கோயில் ரொம்பச் சின்னதாக வந்துவிட்டது என்றும் சொல்லியிருந்தீர்கள். அது வரத்தான் செய்யும். கோயிலின் பெரிய விமானம், அதாவது கருவறைக்கு மேலே எழும் கோபுரம், சுமார் 60 அடி, அதாவது 18 மீட்டர். நீங்கள் 400 மீட்டர் தள்ளி நின்றதாக வைத்துக்கொண்டால், 18-ல் வைத்த லென்ஸில் அது சுமார் 200 பிக்சல் உயரம்தான் வரும். மொத்தம் 4000 பிக்சல் உயரமுள்ள படத்தில் இருபதில் ஒரு பங்கு. சரி, வெட்டிப் பெரிதாக்கலாமே என்றால், 55-ல் எடுத்ததுபோல் கோயில் தெரிவதற்கு 6000×4000 படத்தை 1964×1309-க்கு வெட்ட வேண்டும். கையில் மிஞ்சுவது இரண்டரை மெகாபிக்சல். அதைவிட மோசம், படகு பாதி வெளியே போய்விடும். படகும் பெரிதாக வேண்டும், கோயிலும் பெரிதாக வேண்டும் என்றால் ஒரே வழி, பின்னால் நடப்பது. 3 மீட்டரில் 18 வைத்து எடுத்த படகை, பின்னால் போய் 9 மீட்டர் தூரத்திலிருந்து 55 வைத்து எடுங்கள். படகு கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கும். கோயில் மூன்று மடங்காகிவிடும், ஏனென்றால் 400 மீட்டர் என்பது 406 ஆனதில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அகலமான லென்ஸ்தான் கடற்கரைக்கு லட்சணம் என்று யாரோ பரப்பிவிட்டார்கள். அலையும் பாறையும் காலடியில் இருக்கும்போது அது உண்மை. தூரத்தில் ஒரு கோயில் இருக்கும்போது அது கோயிலைக் கடுகாக்கும்.

சரி, எடுத்த படம் எடுத்ததுதான், அதை என்ன செய்யலாம் என்றால், மூன்று வெட்டுகளைப் பற்றியும் சொல்கிறேன். முழுப் படத்தில் பாதி வானம் சும்மா கிடக்கிறது. மேகம் இல்லை, பறவை இல்லை, நிறம் கூட அடியில் ஒரு விரற்கடை அளவுக்குத்தான். 16:9 வெட்டில் நீங்கள் வானத்தை விட்டுவிட்டு மணலை வெட்டிவிட்டீர்கள். படத்திலேயே நல்ல பகுதி அந்த ஈர மணல்தான், காலை நிறம் அதில் கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. சதுரம் மூன்றிலும் நெருக்கமானது, ஆனால் அந்த மோதலை நட்டநடுவில் வைத்து முகத்தில் அடிக்கிறது.

நானாக இருந்தால் மேலிருந்து 1400 பிக்சல், வலமிருந்து 1000 பிக்சல் வெட்டுவேன். கீழே கை வைக்க மாட்டேன். கம்பமும் சுவரும் போய்விடும். மிஞ்சுவது 5000×2600, ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற நீளப் படம், 13 மெகாபிக்சல். தொடுவானத்துக்கு மேலே 600 பிக்சல் வானம் இருக்கும். அதில் கோயில் மூன்றில் ஒரு பங்கு உயரம் எடுத்துக்கொள்ளும். கோயிலின் அளவு ஒரு பிக்சல்கூட மாறவில்லை, ஆனால் அதைச் சுற்றியிருந்த வெற்றிடம் குறைந்ததால் அது நிமிர்ந்துவிடும். நீளவாக்கில் கடற்கரை கிடந்து விரியும். படகு முட்டுவது அப்படியேதான் இருக்கும், நீளப் படத்தில் கொஞ்சம் உறுத்தல் குறையும், அவ்வளவே.

மூன்றிலொரு பங்கு விதியைப் பற்றி. இந்தப் பெயரை 1797-ல் எழுத்தில் கொண்டுவந்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர். இயற்கைக் காட்சியில் நிலம், நீர், வானம் என்று பங்கு பிரிக்கும்போது பாதிப் பாதியாகப் பிரிப்பதைவிட ஒன்றுக்கு இரண்டாகப் பிரித்தால் நன்றாக இருக்கும் என்பது அவர் அபிப்பிராயம். அபிப்பிராயம் எப்போது சட்டமானது என்று தெரியவில்லை, இன்று கேமராவே கட்டம் போட்டுக் காட்டுகிறது. நான் சொன்ன வெட்டில் தொடுவானம் மேலிருந்து நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான இடத்தில் நிற்கிறது. ஏன் அங்கே? எனக்குக் கோயிலுக்கு மேலே எவ்வளவு மூச்சுவிடும் இடம் வேண்டுமோ அதை மட்டும் வைத்தேன், கோடு தானாக அங்கே போய் உட்கார்ந்தது. கட்டத்தைப் பார்த்து வைக்கவில்லை.

நடுவில் வைத்தால் பாவம் என்பதும் இல்லை. ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் உலகின் பல கடல்களைப் படமெடுத்து வருகிறார், எல்லாவற்றிலும் தொடுவானம் சரிபாதியில். படகு கிடையாது, கரை கிடையாது, பாதி நீர், பாதி காற்று. நடுக்கோடுதான் அந்தப் படங்களின் பேச்சே. தனுஷ்கோடியில் அலையடிக்காத பாக் நீரிணைப் பக்கம் நின்று பாருங்கள், காலையில் காற்றில்லாதபோது வானம் அப்படியே தண்ணீரில் இருக்கும். அங்கே தொடுவானக் கோட்டை மேலேயோ கீழேயோ தள்ளினால்தான் தப்பு. திரும்பி மன்னார் வளைகுடாப் பக்கம் வந்தால் அலை எழும்பும், அங்கே வேறு நியாயம்.

எனக்குப் பழக்கமான கணக்கு ஒன்றுதான்: மணல், நீர், வானம் மூன்றில் அன்று எது பேசுகிறதோ அதற்கு இடம் கொடு. ஏப்ரல், மே மாதக் காலையில் வானம் பெரும்பாலும் துடைத்துவைத்த மாதிரி இருக்கும், கோட்டை உயரத் தூக்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் கடலிலிருந்து ஏறி வரும்போது கோட்டை அடியில் இறக்குங்கள், ஐந்தில் ஒரு பங்கு நிலம் போதும். 1850-களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே கடலை எடுத்தபோது இந்தத் தேர்வே அவருக்கு எளிதாக இருக்கவில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும், கடல் சரியாக வந்தால் வானம் வெளுத்துவிடும். அவர் கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு எடுத்து இரண்டையும் தொடுவானக் கோட்டில் சேர்த்து அச்சிட்டார். வெட்டுவதையே ஏமாற்று என்று யோசிக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

தொடுவானம் சாய்ந்திருப்பது மட்டும் எனக்கு மன்னிப்பே இல்லாத விஷயம். உங்கள் படம் இரண்டு டிகிரி வலப்பக்கம் சரிந்திருக்கிறது. கடல் அந்தப் பக்கம் கொட்டிவிடும்போல இருக்கிறது. காரணமும் தெரிகிறது: நீங்கள் கரைக்கோட்டைப் பார்த்து நேராக்கியிருக்கிறீர்கள். கரையோரமாகப் பார்த்து எடுக்கும்போது நீர் விளிம்பு சட்டத்தில் சரிவாகத்தான் ஓடும், அது அப்படித்தான் ஓட வேண்டும். நேராக்குவதற்குக் கடலும் வானமும் சேரும் கோடு ஒன்றே அளவுகோல். இதற்கும் விலை உண்டு. 3:2 படத்தை ஒரு டிகிரி திருப்பி அதே விகிதத்தில் வைத்தால் பரப்பில் சுமார் 5 சதவீதம் போகும், இரண்டு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 10. ஓரத்தில் நெருக்கமாக எதையாவது வைத்திருந்தால் அது போய்விடும். முக்காலியை ஈர மணலில் வைப்பவர்கள் கால்களை அழுத்திப் புதைத்துவிட்டு எடுங்கள். வடியும் அலை ஒவ்வொரு முறையும் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், முதல் படம் நேராக இருக்கும், பத்தாவது படம் சாய்ந்திருக்கும்.

திருப்புவதற்கு முன்னால் லென்ஸ் வளைவைச் சரிசெய்துவிடுங்கள். அகல லென்ஸ் சட்டத்தின் மேல் கீழ் ஓரங்களில் கோட்டை வில்லாக வளைக்கும், நடுவில் வளைக்காது. இதிலிருந்து ஒரு தந்திரம் வருகிறது. நிறைய மணல் வேண்டும் என்று கேமராவைக் கீழே சாய்த்தால் கலங்கரை விளக்கமும் தென்னையும் வெளிப்பக்கமாக விரிந்து சாயும், தொடுவானமும் வளையும். அதற்குப் பதில் கேமராவை மட்டமாகப் பிடித்து, தொடுவானத்தை நடுவிலேயே வைத்து அகலமாக எடுத்துவிட்டு, பிறகு மேலே இருக்கும் வானத்தை வெட்டி எறியுங்கள். கட்டடங்களைப் படமெடுப்பவர்கள் நிறையப் பணம் கொடுத்து வாங்கும் நகர்த்து லென்ஸ் (shift lens) செய்வதும் இதைத்தான். 24 மெகாபிக்சலில் தொடுவானத்தை மேலிருந்து ஐந்தில் ஒரு பங்கில் வைத்து 3:2-ஆக வெட்டினால் 3750×2500 மிஞ்சும். 8×12 அங்குல அச்சுக்குத் தாராளம். எடுக்கும்போதே எந்தப் பகுதி குப்பைக்குப் போகும் என்று தெரிந்து எடுப்பதால் இந்த மாதிரி வெட்டில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

ஓரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டி முடித்ததும் நான்கு ஓரத்தையும் விரலால் தடவுவதுபோல் ஒரு சுற்றுப் பாருங்கள். பாதி நண்டு வளை, ஒருவரின் முழங்கை, நங்கூரக் கயிற்றின் நுனி, இப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். படகை வெட்டுவதென்றால் தயங்காமல் கால்வாசியை வெட்டுங்கள், இல்லையென்றால் முழுதாக விட்டு ஓரத்துக்கு இடைவெளி கொடுங்கள். நுனி மட்டும் போனால் தெரியாமல் வெட்டியதுபோல் இருக்கும். வடியும் நுரைக்கோடு கீழ் ஓரத்திலிருந்து உள்ளே நுழைந்து வளைந்து போகட்டும். அந்த வளைவு முடியுமுன் வெட்டினால் படம் மூச்சுத் திணறும். அந்தக் கோடுகளைப் பிடிக்க ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கால் நொடியிலிருந்து ஒரு நொடிக்குள் இருக்க வேண்டும், அலை மேலே ஏறும்போது இல்லை, திரும்பும்போது அழுத்த வேண்டும். ஒரே இடத்தில் இருபது முப்பது படம் எடுங்கள். இரண்டு அலை ஒரே மாதிரி வராது.

அச்சுப் போடும் எண்ணம் இருந்தால் அளவை முதலிலேயே யோசித்துவிடுங்கள். நம் ஊர் லேபில் வழக்கமாகக் கிடைப்பது 4×6, 8×12, 12×18, மூன்றும் 3:2 விகிதம். போனில் எடுப்பது 4:3. அதை முழுத் தாளுக்குப் போடு என்றால் உயரத்தில் 11 சதவீதம் யாராவது வெட்டியாக வேண்டும், நீங்கள் வெட்டாவிட்டால் லேப் பையன் வெட்டுவான். முட்டத்துப் பாறையில் எடுத்த ஒரு படத்தை ஆசையாக 12×18 போடக் கொடுத்தேன். கீழே பாறையைத் தழுவிய நுரை முழுக்கப் போய், வானம் மட்டும் பத்திரமாக வந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, திரையில் எது நடுவோ அதை வைத்துக்கொண்டான். அதிலிருந்து நீளப் படங்களுக்கு வெள்ளை ஓரம் விட்டு, 12×18 தாளுக்குள் நானே பொருத்திக் கொடுக்கிறேன். உங்கள் 5000×2600 படமும் அப்படித்தான் அந்தத் தாளில் உட்காரும், 16 அங்குல அகலத்துக்குத் துல்லியமாகவே வரும்.

மறுபடி போவதாக இருந்தால் எந்த மாதம் என்று யோசியுங்கள். ஜூன் மாதத்தில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். நீங்கள் வடக்கே நிற்பதால் உங்களை நோக்கியிருக்கும் கோயில் சுவரில் வெயில் விழும், கல்லின் நிறம் தெரியும். டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி உதிக்கும், உங்கள் பக்கச் சுவர் நிழலில் இருக்கும், இடப்பக்கம் பெரிய விமானமும் வலப்பக்கம் சின்னதும் கறுப்பு வடிவமாக நிற்கும். முதலாவதற்கு அகலமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு 55-ல் நெருக்கி, படகையும் கறுப்பாகவே விட்டு, நடுவில் கட்டாயம் வானத்துண்டு ஒன்று தெரியும்படி நகர்ந்து நில்லுங்கள். ஜூன் தொடக்கத்தில் 5:42 வாக்கில் உதயம், அரை மணி முன்னாலேயே இடம் பிடித்துவிட வேண்டும்.

அந்த நேரத்துக்குச் சில படகுகள் கடலுக்குப் போயிருக்கும், சில கிளம்பிக்கொண்டிருக்கும். வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, உங்க படகை வச்சு ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். போன தடவை என்னிடம் ஒருவர், "எடுத்துக்கோ தம்பி, ஆனா இன்னும் பத்து நிமிசத்துல தள்ளிடுவோம்" என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் இடம் மாறி மாறி உட்கார்ந்து எடுத்த நாற்பது படத்தில் ஒன்றைக்கூட வெட்ட வேண்டியிருக்கவில்லை. தள்ளும்போது எடுத்ததுதான் நன்றாக வந்தது, அதில் மட்டும் இடப்பக்கம் என் செருப்பு விழுந்திருந்தது, வெட்டினேன்.